சார், ஆர்-0 என்று எழுதியதை மாற்றிவிட்டேன்

அன்புள்ள சாருக்கு,

மறு ஆய்வை நேற்று இரவு ஜர்னலுக்கு அனுப்பிவிட்டேன். நம் பழைய கணையப் புற்றுநோய்க் கட்டுரையில் ஆர்-0 (வெட்டிய விளிம்பில் புற்று இல்லை) என்று கணக்கு வைத்தவற்றில் எத்தனை ஆர்-1 (விளிம்பில் புற்று உண்டு) ஆயின என்பதை இங்கே எழுதவில்லை. இன்னும் அச்சேறாத எண், இதைப் படிப்பவர்களில் நம்மைத் தெரிந்தவர்களும் உண்டு. தெரிய வேண்டுமென்றால் போன் செய்யுங்கள். செய்யமாட்டீர்கள்.

எனக்கு அந்த சைட் டேபிள்தான் திரும்பத் திரும்ப வருகிறது. ஏழு மணி நேர விப்பிள் (கணையத் தலையையும் சிறுகுடலின் தொடக்கமான டியோடினத்தையும் சேர்த்து எடுக்கும் அறுவை) முடிந்து, பார்க்க வந்த டாக்டர்கள் சுற்றி நின்றார்கள். கட்டி இருந்த இடத்தைக் காட்ட, 22ஆம் நம்பர் பிளேடை வாங்கி, கணையத் தலையைப் பின்பக்கத்திலிருந்து ஒரே இழுப்பில் பிளந்தீர்கள். சுத்தமான வெட்டு. பின்விளிம்பும் அதோடு போனது. விளிம்பை அடையாளம் காட்ட பேத்தாலஜியில் பூசிய மை பிளவுக்குள் இறங்கி, கட்டியின் நடுவிலும் கறுப்பு தெரிந்தது. அதற்குப் பிறகு எது நாம் உடலிலிருந்து பிரித்த முகம், எது சைட் டேபிளில் உண்டான முகம் என்று மைக்ராஸ்கோப்பில் பிரித்துச் சொல்ல வழியில்லை. கணையக் கழுத்து, பித்தநாளம் இரண்டும் சுத்தம் என்று ரிப்போர்ட் வந்தது. பின்பக்கத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதை ஆர்-0 என்று ரெஜிஸ்டரில் எழுதியது என் கை.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஸ்பெசிமனை வெட்டாமல், தியேட்டரிலேயே எஸ்எம்வி (குடலின் பெரிய சிரை) பள்ளத்தில் ஒரு தையல் போட்டு அனுப்பினால் போதும், திசை தவறாது. பேத்தாலஜியில் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டுத்தான் மை பூச வேண்டும், இல்லையென்றால் ஓடிவிடும். எஸ்எம்வி பள்ளம், எஸ்எம்ஏ (குடலின் பெரிய தமனி) பக்கம், பின்பக்கம், முன்பக்கம், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். அசிட்டிக் அமிலத்தால் ஒற்றினால் மை பிடித்துக்கொள்ளும். ஃபார்மலினில் நன்றாக இறுகியபின், டியோடினத்தின் அச்சுக்குக் குறுக்காக 3 முதல் 5 மி.மீ. தடிமனில் வில்லை வில்லையாக அறுக்க வேண்டும். அப்போதுதான் எல்லா விளிம்பும் கட்டியோடு ஒரே வில்லையில் தெரியும். நாளத்துக்குள் குச்சி விட்டு இரண்டாகப் பிளக்கும் பழைய முறையில் அது கிடைக்காது.

லீட்ஸ்காரர்கள் 2006இல் இப்படிப் பார்த்து 85 சதவீதம் ஆர்-1 என்றார்கள். ஹைடல்பெர்க்கில் 14 சதவீதமாக இருந்தது 76 ஆனது, 2008இல் வெளியிட்டார்கள். சர்ஜன்களின் கை ஒரே நாளில் கெட்டுப்போகவில்லை, பார்க்கிற முறை மாறியது. இதை நான் மீட்டிங்கில் காட்டியபோது, "மையைத் தொட்டால்தான் ஆர்-1, அமெரிக்காவில் அப்படித்தான்" என்றீர்கள். பொய்யில்லை. விளிம்பிலிருந்து 1 மி.மீ.க்குள் புற்று இருந்தாலே ஆர்-1 என்பது பிரிட்டிஷ் அளவு, அதுவும் மலக்குடல் புற்றுநோயிலிருந்து கடன் வாங்கியது. கணையத்தில் செல்கள் சிதறி, இடைவெளி விட்டுவிட்டு ஓடுகின்றன, 1 மி.மீ.கூடப் போதாது என்பதுதான் என் வாதம். ஆனால் அதைச் சொல்லவாவது மை இருந்திருக்க வேண்டும் இல்லையா? மை இருந்த பிளாக்குகளை (மெழுகில் பதித்த திசுத் துண்டுகளை) மட்டும் மறு ஆய்வில் சேர்த்தேன். அன்றைய கேஸைச் சேர்க்கவே முடியவில்லை.

"ஆர்-1 என்றாலும் கீமோதானே, என்ன வித்தியாசம்" என்றும் கேட்டீர்கள். அந்த நோயாளிக்கு வித்தியாசமில்லை, ஒத்துக்கொள்கிறேன். அறுவைக்குப் பிந்தைய கீமோவைப் பற்றி 2018இல் வந்த பிராடிஜ்-24 சோதனையில் ஆர்-0, ஆர்-1 இரண்டு பேரையும் சேர்த்தார்கள். மாற்றிய ஃபோல்ஃபிரினாக்ஸ் (பல மருந்துகள் சேர்ந்த கீமோ) வாங்கியவர்களின் இடைநிலை ஆயுள் 54.4 மாதம், ஜெம்சிடபின் என்ற ஒற்றை மருந்தின் பக்கம் 35. ஆனால் நம் ஆர்-0 எண்ணை நம்பி எத்தனை பேர் தங்கள் எண்ணை அதோடு ஒப்பிட்டார்கள்! அந்த எண்ணால் உங்களுக்கு மேடை கிடைத்தது. எனக்கும்தான் வேலை கிடைத்தது, மறைக்கவில்லை.

இன்றும் காக்கர் (டியோடினத்தைப் பின்சுவரிலிருந்து விடுவிப்பது) செய்து முடித்ததும் இடது கையை டியோடினத்துக்குப் பின்னால் விட்டு, விரலில் எஸ்எம்ஏ துடிப்பைத் தேடித்தான் மேலே போகிறேன். "தமனியின் வலப்பக்கத்தை உரி, சுற்றி வட்டமாக நரம்பை எடுக்காதே, வயிற்றுப்போக்கு நிற்காமல் அந்த ஆள் செத்துப்போவான்" என்று நீங்கள் அதட்டியதை என் பையன்களிடம் அப்படியே அதட்டுகிறேன். யார் சொன்னது என்று மட்டும் சொல்வதில்லை. சொன்னால் பழைய கட்டுரையைத் தேடிப் படிப்பார்கள்.

ஆசிரியர் பட்டியலில் உங்கள் பெயரைக் கடைசியில், உங்கள் பழைய இடத்திலேயே போட்டிருக்கிறேன். உங்களுக்கும் ஜர்னலிலிருந்து ஒரு மெயில் வந்திருக்கும். சம்மதம் என்றால் அதில் உள்ள லிங்க்கை அழுத்துங்கள். வேண்டாம் என்றால் ஒரு வரி எழுதுங்கள், எடுத்துவிடுகிறேன். மெயில் ஸ்பாமில் விழுந்திருக்கலாம், அங்கேயும் பாருங்கள்.