கீழ் எண்ணைப் பார்த்து ஆறுதலடைய வேண்டாம்

ஆசிரியர் அவர்கட்கு,

துணுக்காய்ப் பகுதியில் வயல் செய்துவந்த எனது தாய்மாமன், கடந்த பெரும்போக அறுவடை நாட்களில், தமது 68ஆவது வயதில் பாரிசவாதத்துக்கு ஆளானார். வலது கையும் காலும் இன்னும் முழுமையாகத் திரும்பவில்லை. அவரது கிளினிக் கொப்பியைப் பின்னர் புரட்டியபோது, இரண்டு ஆண்டுகளாக அவரது குருதி அமுக்கம் 170/70, 165/70 என்ற அளவிலேயே நின்றதைக் கண்டேன். ‘கீழ் எண் நன்றாக இருக்கிறது, மேல் எண் வயதோடு கூடத்தானே செய்யும்’ என்று அவரும் நாங்களும் ஆறுதலடைந்திருந்தோம். அந்த ஆறுதல் எவ்வளவு பிழையானது என்பதை வன்னியின் ஏனைய குடும்பங்களும் அறியவேண்டும் என்பதற்காக இதனை எழுதுகிறேன்.

இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் ஏறத்தாழ 70 மில்லிலீற்றர் குருதியைப் பெருநாடிக்குள் தள்ளுகிறது. இளவயதில் பெருநாடி விரிந்து அந்த வேகத்தைத் தன்னுள் வாங்கி, அடுத்த துடிப்புக்கு முன்னர் மெல்லச் சுருங்கிக் குருதியை முன்னே அனுப்புகிறது. இந்த நெகிழ்ச்சியைத் தரும் எலாஸ்டின் நார்கள் வயதோடு முறிந்துபோக, அவற்றின் இடத்தை விறைப்பான கொலாஜன் பிடிக்கிறது. பல போகம் வெயிலில் கிடந்த நீரிறைக்கும் றப்பர் குழாயைப்போல நாடி இறுகிவிடுகிறது. விரிய முடியாததால் மேல் எண் ஏறுகிறது, சுருங்கித் தள்ள முடியாததால் கீழ் எண் இறங்குகிறது. ஆகவே 170க்குக் கீழே நிற்கும் 70 நற்செய்தி அல்ல. அதே கேட்டின் மறுபாதி. 120/80 உள்ளவருக்கு இரு எண்களுக்கும் இடையிலான இடைவெளி 40. முதியவரிடம் அது 60ஐத் தாண்டினால் நாடி விறைத்திருக்கக்கூடும் என்று கருதுவார்கள். மாமாவுக்கு அது 100.

நாடித்துடிப்பின் அலை கழுத்திலிருந்து தொடைவரை செல்லும் வேகத்தை அளந்தும் இந்த விறைப்பை அறியலாம். செக்கனுக்கு 10 மீற்றருக்கு மேற்பட்டால் அபாயம் என்பர். அதற்கான கருவியைக் கிராமத்துக் கிளினிக்கில் எதிர்பார்க்க இயலாது. ஆனால் இரு எண்களைக் கழித்துப் பார்க்க ஒரு பென்சில் போதும்.

மூளை குறைந்த தடையில் நிறையக் குருதியைப் பெறும் உறுப்பு என்பதால், பெருநாடி தணிக்காமல் விட்ட அடி அதன் நுண்ணிய நாடிகளையே தாக்குகிறது. நீரிழிவு, புகைத்தல், சிறுநீரக நோய், கருவாட்டிலும் ஊறுகாயிலும் சேரும் உப்பு ஆகியவை இந்த விறைப்பை வயதுக்கு முன்பே கொண்டுவருகின்றன. மேல் எண்ணை 10 அளவு குறைத்தாலே பாரிசவாத அபாயம் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைகிறது. இருந்தும், தலையிடியோ மயக்கமோ இல்லாததால் மாமா அறுவடைக் காலத்தில் குளிசையை நிறுத்தியிருந்தார். கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் கூலியாள் வேலை நின்றுவிடும் என்பது அவரது கணக்கு. கீழ் எண் ஏற்கெனவே தாழ்ந்திருப்பவருக்கு மருந்தின் அளவை மருத்துவரே தீர்மானிக்கவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

கிளினிக் கொப்பிகளில் இரு எண்களுக்கு அருகே அவற்றின் இடைவெளியையும் எழுதும் வழக்கத்தை வன்னியின் சுகாதாரப் பணிமனைகள் தொடங்கவேண்டும். பாரிசவாதம் வந்தவரின் உடன்பிறந்தோரையும் அழைத்து அளக்கவேண்டும். சுகாதார அமைச்சு 2011 முதல் நடத்திவரும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் அதற்குக் கட்டணமில்லை. மாமாவின் தம்பிமார் இருவரையும் நான் அழைத்துச் சென்றேன். இளையவருக்கு 158/72. அவர் அதுவரை ஒருமுறைகூட அளந்து பார்த்ததில்லை.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
மல்லாவி.