படத்தில் இருந்த அந்தக் கல்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீட்டில் கடல் மீன் தொட்டி வைப்பது பற்றி போன ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். பத்து நாளில் எல்லாம் ரெடி என்கிற தோரணையில் எழுதியிருந்தார்கள், கூடவே மான் கொம்பு மாதிரிக் கிளை விட்ட ஒரு பவளத்தின் படம். நான்கு வருடமாக இந்தத் தொட்டியோடு மல்லுக்கட்டுகிறவன் என்பதால் சும்மா இருக்க முடியவில்லை, எழுதுகிறேன்.

என்னுடையது மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். தண்ணீர் மட்டும் 190 லிட்டர். கல், மணல், கண்ணாடி எல்லாம் சேர்ந்தால் கால் டன்னைத் தாண்டும், டிவி ஸ்டாண்டில் தூக்கி வைக்கிற சமாச்சாரம் இல்லை.

எங்கள் போர் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர், குழாயில் வருவதில் குளோரின், அதனால் ஆர்ஓ தண்ணீரில்தான் உப்பைக் கரைக்க வேண்டும், லிட்டருக்கு சுமார் 35 கிராம். இதற்கென்று விற்கிற உப்பின் விலையைக் கேட்டுவிட்டு என் மாமனார், "தூத்துக்குடி கல்லுப்பு ஒரு மூட்டை வாங்கிக் கொட்டுங்க மாப்பிள்ளை, அதுவும் கடல்ல இருந்துதானே வருது" என்றார். நியாயமாகத்தான் பட்டது. ஆனால் உப்பளத்தில் தண்ணீர் வற்றும்போது கால்சியம் பெரும்பாலும் ஜிப்சமாக முதலிலேயே படிந்துவிடுகிறது, மெக்னீசியம் கசப்புத் தண்ணீரோடு வெளியே போய்விடுகிறது, நமக்குக் கிடைப்பது குழம்புக்கு ஆகிற உப்பு. பவளத்துக்கும் நத்தைக்கும் ஓடு கட்ட வேண்டிய சத்து அதில் இல்லை.

அப்புறம் காத்திருப்பது. இதைத்தான் கட்டுரை ஒரே வரியில் தாண்டிப் போனது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். இந்த இரண்டும் கல்லிலும் மணலிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், அதுவரைக்கும் மீன் விடக் கூடாது. நான் ஐந்தாம் நாளே டேம்சல் என்கிற சின்னக் கடல் மீன் மூன்று வாங்கி விட்டேன். மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின, ஒரு வாரத்துக்குள் மூன்றும் போய்விட்டன. விற்றவர் "தண்ணி செட் ஆகலை சார்" என்றார். அதை விற்கும்போதே சொல்லியிருக்கலாம். இரண்டாம் தடவை மீனே இல்லாமல், மார்க்கெட்டில் வாங்கிய பச்சை இறால் ஒன்றைப் போட்டு அழுகவிட்டு, டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி இறங்கி இரண்டும் பூஜ்யம் ஆகும்வரை பொறுத்திருந்தேன். வீட்டில் எல்லாரும் வெறும் தண்ணீரை வேடிக்கை பார்க்கிறவன் என்று சிரித்தார்கள்.

மதுரை வெயில் இன்னொரு கதை. தண்ணீர் 26 டிகிரியில் நிற்க வேண்டும், மே மாதம் எங்கள் ஹாலே சாயங்காலம் 35-ஐத் தொடுகிறது. தண்ணீரைக் குளிர வைக்கிற சில்லர் வாங்குவதற்குள் தொட்டி வாங்கிய காசு போய்விடும். தண்ணீர் மேல் சின்ன ஃபேன் ஓடவிட்டால் இரண்டு மூன்று டிகிரி குறையும், ஆனால் அந்த அளவுக்குத் தண்ணீர் ஆவியாகும். ஆவியாவது தண்ணீர்தான், உப்பு உள்ளேயே இருக்கும் (மூடி விளிம்பில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருப்பது தெறித்த துளிகள் காய்ந்த உப்பு). எனவே ஆவியாகிக் குறைந்த அளவுக்கு உப்புப் போடாத ஆர்ஓ தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். ஒரு தடவை பத்து நாள் நான் ஊரில் இல்லாதபோது என் மகன் பொறுப்பாக தினமும் உப்புத் தண்ணீரைக் கரைத்து ஊற்றியிருக்கிறான், திரும்பி வந்து உப்பின் அடர்த்தி பார்க்கிற ஹைட்ரோமீட்டரை விட்டால் 1.025 இருக்க வேண்டிய இடத்தில் 1.029. கரண்ட் போனால் காற்று கொடுக்க பேட்டரி பம்ப் ஒன்றும் கட்டாயம் வேண்டும்.

சரி, படத்துக்கு வருகிறேன். நான் தொட்டி வைத்த புதிதில் ஒரு கடையில் பின்னறைக்குப் போய் ஈரச் சாக்கில் சுற்றிய கல் ஒன்றைக் கொண்டுவந்து, "ராமேஸ்வரத்துக் கல் சார், உயிரோட இருக்கு" என்று காட்டினார்கள். சாக்கை விலக்கினதும் உப்பங்காற்று வாசம். அதன் மேல் சின்னச் சின்ன நட்சத்திரக் குழிகள், அப்போதுதான் அது பவளம் என்று புரிந்தது. உங்கள் படத்தில் இருந்த மாதிரியான கல் பவளங்களை 2001-லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள், புலிக்கு இருக்கிற பாதுகாப்பு அதற்கும் உண்டு. மன்னார் வளைகுடா 1986-லேயே கடல் தேசியப் பூங்கா. அங்கே இருந்த 21 தீவுகளில் விலாங்குச்சல்லி உட்பட இரண்டு கடலுக்குள் போனதற்குப் பல காலம் சுண்ணாம்புக்காகப் பவளக்கல்லை வெட்டியதும் ஒரு காரணம். மிச்சமிருக்கிற பவளத்திலும் ஒரு பகுதி 2010, 2016 கோடைகளில் சூட்டில் வெளுத்துப் போனது. அங்கேயே தாங்காதது எங்கள் ஹாலில் எத்தனை நாள் தாங்கும்? செயற்கைக் கல் போதும், இரண்டு மாதத்தில் அதிலும் பாக்டீரியா குடியேறிவிடும்.

மீனுக்கும் கடலில் வலை போட வேண்டியதில்லை. ராமேஸ்வரம் பக்கத்தில் மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் க்ளவுன் மீனைத் தொட்டியிலேயே பொரிக்க வைத்திருக்கிறது. கடலில் அது ஒளிந்து வாழும் கடல் சாமந்தி (அனிமோன்) தொட்டியில் தேவையில்லை, சின்னத் தொட்டி போதும், பொரித்ததிலிருந்தே தீனிக்குப் பழகியிருக்கும். ஆனால் 'ஃபைண்டிங் நீமோ' சினிமா பார்த்த பிள்ளைகள் கேட்கிற அந்த நீல மீன் (ப்ளூ டாங்) ஓரடி வளரும், மூன்றடித் தொட்டியில் அதை விடுவது பாவம்.

இங்கே கடையில் பொரிப்பக மீனா, கடலில் பிடித்ததா என்று கேட்டால் பதில் வருவதில்லை. ஒவ்வொரு தொட்டி மேலும் மீன் எங்கிருந்து வந்தது என்று ஒரு அட்டையில் எழுதி ஒட்டச் சொல்லி மீன்வளத் துறை கட்டாயப்படுத்தலாம். நீங்களும் அந்தப் படத்துக்கு அடுத்த ஞாயிறு ஒரு வரி திருத்தம் போடுங்கள். அதைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு இதே மாதிரி வேண்டும் என்று கடைக்குப் போகிறவர்கள் இருப்பார்கள், அவர்களுக்கு எடுத்துக் கொடுக்கப் பின்னறையும் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருநகர், மதுரை.