மாடி வீட்டுப் பிள்ளைகளும் உன் தம்பி மகளும்

திருவான்மியூர்,
வெள்ளிக்கிழமை இரவு

அன்புள்ள சரோ,

உன் கடிதம் கிடைத்தது. தினமும் வாட்ஸ்அப்பில் பூப்படம் அனுப்புகிறவள் நோட்டுத் தாளைக் கிழித்து நாலு பக்கம் எழுதியிருக்கிறாய் என்றதுமே விஷயம் பெரிது என்று தெரிந்துவிட்டது. மருமகள் போனை எடுத்துப் பார்த்துவிடுவாள் என்ற பயம்தானே? முதலில் வீட்டு சமாச்சாரம். முழங்கால் முன்னைக்கு இப்போது தேவலை. இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, மனிதர்தான் கட்டுக்குள் இல்லை. ஹைகோர்ட் வளாகத்துக்கு வாரத்தில் இரண்டு நாள் போய்வருகிறேன். புதுக் கேஸ் அதிகம் எடுப்பதில்லை.

இனி உன் தம்பி மகள். கட்டினவனை விட்டுவிட்டு அதே ஆபீஸ் பையன் ஒருவனோடு பெங்களூரிலேயே வேறு வீடு பார்த்துவிட்டாள், அந்தப் பையனும் ஒருத்தியை விட்டு வந்தவன், தம்பி சாப்பிடாமல் கிடக்கிறான். எல்லாம் புரிகிறது. 'சட்டை மாத்துற மாதிரி ஆளை மாத்துதுங்க' என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தில்தான் எனக்கு உன்னோடு ஒத்துவரவில்லை. ஏன் என்று சொல்ல என் மாடி வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும். பெயர் எழுதமாட்டேன், வக்கீல் புத்தி.

மாடியில் இரண்டு போர்ஷன் இருக்கிறதல்லவா, கொரோனா முடிந்த கையோடு நாலு பிள்ளைகள் வந்தார்கள். நாலு பேரும் கோயம்புத்தூரில் ஒரே கல்லூரி, ஒரே செட். ஈரோட்டுப் பெண்ணும் விருதுநகர்ப் பையனும் முறைப்படி கல்யாணம் செய்துகொண்டவர்கள். பக்கத்துப் போர்ஷனில் நாகர்கோவில் பெண்ணும், வேலையை விட்டுவிட்டு சினிமாவில் உதவி இயக்குநராகச் சேர்ந்த ஒரு பையனும். 'எங்களுக்குக் கல்யாணம் ஆகலை ஆன்ட்டி' என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். மற்ற இடங்களில் தாலி மாதிரி ஒரு செயினைக் காட்டி வீடு பிடிக்கிறார்களாம். வயது வந்த இருவர் சேர்ந்து வாழ்வது குற்றமில்லை என்று 2010-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. இவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பிறகு அந்த சினிமாப் பையனோடு செஸ் ஆட உட்கார்ந்துவிட்டார்.

ஈரோட்டுப் பெண்ணுக்கு எச்-1பி என்கிற அமெரிக்க வேலை விசா குலுக்கலில் விழுந்தது. வருஷத்துக்கு 85,000 பேருக்குத்தான் இடம், கேட்பவர்கள் பல லட்சம். அதில் பெயர் வந்தால் 'வேண்டாம்' என்று யார் சொல்வார்கள்? டல்லாஸ் போனாள். புருஷன் எச்-4 என்கிற துணை விசாவில் போகலாம். ஆனால் அங்கே அவன் சம்பாதிக்க முடியாது. 2015-லிருந்து எச்-4காரர்களுக்கும் வேலை அனுமதி உண்டுதான். அதற்கு முதலில் இவளுடைய கிரீன் கார்டு மனு ஒரு கட்டம் தாண்டி இருக்க வேண்டும். புதிதாகப் போனவளுக்கு அது எப்போது ஆகும்? பையன் இரண்டு மாதம் போய் இருந்து பார்த்தான். காலையில் அவளை ஆபீசில் விட்டுவிட்டு, இந்தியன் கடையில் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு, சாயங்காலம் வரை டிவி. திரும்பி வந்து என்னிடம், 'பைத்தியம் பிடிச்சிடும்னு தோணுச்சு ஆன்ட்டி' என்றான். இதையே எத்தனையோ ஆயிரம் பெண்கள் செய்திருக்கிறார்கள், அவர்களுக்கு ஏன் பிடிக்கவில்லை என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

இங்கே அவனுக்கும் நாகர்கோவில் பெண்ணுக்கும் ஒரே கம்பெனி, ஒரே அமெரிக்க கிளையன்ட், ஒரே நைட் ஷிப்ட். விடிகாலை மூன்றரைக்கு கேப் வந்து வாசலில் நிற்கும். நான் கோலம் போட எழுந்திருக்கும்போது இரண்டு பேரும் மாடிப்படியில் உட்கார்ந்து மேகி சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். சினிமாப் பையன் பொள்ளாச்சி, காரைக்குடி என்று வாரக்கணக்கில் ஷூட்டிங். ஊரில் இருந்தாலும் அவன் தூங்கப் போகும் நேரத்தில் இவள் எழுந்திருப்பாள். டல்லாஸ்காரி வேலை முடிந்து போன் செய்கிற நேரத்தில் இவன் செத்துப்போன மாதிரி தூங்குவான். எந்த மாதத்தில் மாறியது என்று அவர்களுக்கே தெரியாது என்று நினைக்கிறேன். ஒரு தீபாவளிக்குப் பிறகு ஒரு போர்ஷன் காலியானது.

ஈரோட்டுப் பெண் எனக்குத்தான் போன் செய்தாள். அழவில்லை. 'கோபமா வருது ஆன்ட்டி. ஆனா திரும்பி வாடின்னு அவன் கூப்பிட்டா நான் போகமாட்டேன். நான் கூப்பிட்டாலும் அவன் வரமாட்டான். அப்புறம் யாரை என்ன சொல்றது?' என்றாள். அவளுக்கும் இப்போது அங்கே ஒரு தெலுங்குப் பையன் துணை. அவனுடைய மனைவி ஹைதராபாத்தில் தன் டாக்டர் தொழிலை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம்.

சரோ, இதில் யார் சட்டை மாற்றினார்கள்? மாடியில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: இரண்டு பேர் கையிலும் வேலை ஆர்டர் இருக்கிறது, இரண்டு பேரும் அதைக் கிழிக்கத் தயாராக இல்லை. நம் காலத்தில் யார் ஆர்டரைக் கிழிப்பது என்பது பெண் பார்க்க வரும்போதே முடிவாகிவிட்டது. இவருக்கு பேங்கில் ராஜ்கோட் மாற்றல் வந்தபோது நான் சீனியரிடம் கேஸ் கட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ரயில் ஏறினேன். 'உனக்குச் சம்மதமா' என்று யாரும் கேட்கவில்லை, கேட்காததை நானும் குறையாக நினைக்கவில்லை. நாற்பது வயதுக்கு மேல் ஜூனியர்களோடு ஜூனியராக மறுபடி கோட்டு மாட்டினேன். எங்கள் தாம்பத்தியம் நிலைத்ததற்கு இவருடைய நல்ல குணம் ஒரு காரணம், நான் கட்டின அந்த மூட்டை இன்னொரு காரணம்.

உன் கதையை எடுத்துக்கொள். அறந்தாங்கியில் நீ, கும்பகோணத்தில் மின்வாரியத்தில் அவர். சனிக்கிழமை பஸ், ஞாயிறு ராத்திரி பஸ். மாற்றல் கவுன்சலிங்கில் கணவன்-மனைவி முன்னுரிமை என்று ஒன்று இருந்ததால் உனக்கு மாற்றல் கிடைத்தது. அரசாங்கத்துக்கு, புருஷன் ஒரு ஊரில் பெண்டாட்டி ஒரு ஊரில் இருந்தால் குடும்பம் தாங்காது என்று தெரிந்திருக்கிறது. சாப்ட்வேர் கம்பெனியில் அப்படி ஒரு கட்டம் எந்த விண்ணப்பத்திலாவது இருக்கிறதா? அமெரிக்க விசாவிலும் நிறுவனத்துக்குள்ளேயே மாற்றிக்கொண்டு போகும் எல்-1 என்றால் துணைக்கு வருபவர் வேலை பார்க்கலாம், எச்-1பி என்றால் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு எழுத்து மாறினால் ஒரு குடும்பம் தப்பித்திருக்கும் என்று சில ஃபைல்களைப் பார்க்கும்போது தோன்றும்.

'நம்ம ஊர்ல இதெல்லாம் உண்டா' என்றும் கேட்டிருக்கிறாய். நன்றாகக் கேட்டாய். உன் தெருவிலேயே அறுத்துக் கட்டுகிற, அதாவது பிரிந்து வேறு கல்யாணம் செய்துகொள்கிற வழக்கம் உள்ள குடும்பங்கள் எத்தனை? 1955-ல் வந்த இந்துத் திருமணச் சட்டமே அந்த வழக்கத்தில் கைவைக்காமல் விட்டிருக்கிறது. அதற்கு முன்பே, 1949-ல், மெட்ராஸ் மாகாணம் தனியாக ஒரு விவாகரத்துச் சட்டம் போட்டது. பிடிக்காவிட்டால் பிரிகிற உரிமை நம் பக்கத்தில் ஏழை ஜனங்களிடம் வெகுகாலமாக இருந்தது. சொத்தும் கௌரவமும் பார்த்த வீடுகளில்தான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தோம்.

அதற்காக இந்தப் பிள்ளைகள் செய்வதெல்லாம் சரி என்று சொல்லவில்லை. சினிமாப் பையன் மேல் எனக்குக் கோபமே உண்டு. ஷூட்டிங்கில் தரும் தினப்படி பேட்டாவை வைத்துக்கொண்டு மூன்று வருஷம் அந்தப் பெண் சம்பளத்தில் வாடகை, கரண்ட் பில், இவன் எழுதும் கதைக்கு லேப்டாப். 'படம் பண்ணினதும்' என்று ஆரம்பிக்காத வாக்கியமே அவனிடம் கிடையாது. கனவு அவனுடையது, தவணை அவளுடையது. அப்புறம் இவர்களுடைய அவசரம். ஒருவர் வீட்டிலிருந்து கிளம்பி நேரே இன்னொருவர் வீட்டில் போய் இறங்குகிறார்களே, நடுவில் ஒரு ஆறு மாதம் தனியாக இருந்து பார்க்க ஒரு வாடகை அறைகூடவா கிடைக்காது? ராத்திரி மூன்று மணிக்கு நம்மோடு விழித்திருப்பவர் எல்லோரும் பகலுக்கும் துணையாக வருவார் என்பது என்ன நிச்சயம்?

நாகர்கோவிலிலிருந்து அவள் அப்பா, அம்மா, சித்தப்பா மூன்று பேரும் வந்தார்கள். சினிமாப் பையன் மேல் போலீஸில் புகார் கொடுக்க வேண்டும், கட்டிக்கொள்கிறேன் என்று ஏமாற்றிவிட்டான், புதுச் சட்டத்தில் பிரிவு இருக்கிறதாமே என்றார் சித்தப்பா. இருக்கிறது, பாரதிய நியாய சன்ஹிதாவில் 69-ஆவது பிரிவு, பத்து வருஷம் வரை தண்டனை. கட்டிக்கொள்ளும் எண்ணமே இல்லாமல் வாக்குக் கொடுத்து ஏமாற்றியவனுக்கு அது. நான் பதில் சொல்வதற்குள் அந்தப் பெண், அடுக்களையில் காபி கலந்துகொண்டிருந்தவள், கரண்டியோடு வெளியே வந்து, 'என்னை யாரும் ஏமாத்தல சித்தப்பா. கல்யாணம் வேணாம்னு சொன்னதே நான்தான்' என்றாள். அம்மாக்காரி அதுவரை அழுதுகொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள். காபியை யாரும் தொடவில்லை. அப்பாதான் கடைசியில் டம்ளரை எடுத்து, 'சர்க்கரை கம்மியா இருக்கு' என்றார்.

டல்லாஸ்காரிக்கும் விருதுநகரானுக்கும் மியூச்சுவல் கன்சென்ட், அதாவது இருவர் சம்மதத்தோடு கேட்கும் விவாகரத்து மனு போட்டுக் கொடுத்தது நான்தான். ஒரு வருஷம் பிரிந்திருந்தால் மனு போடலாம், பிறகு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். பேச வேண்டியதெல்லாம் பேசித் தீர்த்து, பிரிந்தும் ஒன்றரை வருஷம் தாண்டிவிட்டால் அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் தீர்ப்பு வந்தது. வீடியோ மூலமாக ஆஜராகவும் அதிலேயே வழி இருக்கிறது. சாமான் பிரிக்க எக்செல் ஷீட் போட்டிருந்தார்கள். மிக்சி அவனுக்கு, வெள்ளிக் குத்துவிளக்கு அவளுக்கு. ஈரோட்டு அத்தை கொடுத்த இட்லிக் குண்டானுக்கு நேராக 'ரெண்டு பேருக்கும் வேண்டாம்' என்று இருந்தது. இப்போது அது என் அடுப்பில் இருக்கிறது. நன்றாக வேகிறது.

உன் தம்பி மகள் விஷயத்தில் எனக்குக் கவலை வேறு இடத்தில். சர்ஜாபூர் ரோட்டில் இரண்டு பேர் பெயரிலும் ஃபிளாட் வாங்கியிருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். லோனும் கூட்டாகத்தானே? யார் யாரோடு இருக்கிறார்கள் என்பது பேங்குக்குத் தேவையில்லை. கோர்ட் பிரித்துவைத்தாலும் கடன் பிரியாது. அவன் தவணை கட்டாவிட்டால் இவளுடைய சிபில் ஸ்கோரும் போகும், நோட்டீஸ் இவளுக்கும் வரும். வீட்டை விற்பதா, ஒருவர் தன் பங்கை மற்றவருக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தருவதா, கடனை ஒரே பெயருக்கு மாற்ற பேங்க் ஒத்துக்கொள்கிறதா என்பதையெல்லாம் சம்மத மனுவிலேயே எழுதிவிட வேண்டும். தமிழ்நாட்டில் என்றால் கணவன் மனைவிக்குள் எழுதும் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையில் சலுகை உண்டு. விவாகரத்து ஆனபின் இருவரும் வெளியார்தான், முழுத் தீர்வை. கர்நாடகக் கணக்கை அங்குள்ள வக்கீல் ஒருவரிடம் கேட்கச் சொல். எனக்குத் தெரிந்த ஒரு அம்மாள் இருக்கிறார், நம்பரைப் போனில் சொல்கிறேன்.

தம்பியிடம் அவளைத் திட்டுவதைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடச் சொல். திட்டினால் போனை எடுக்கமாட்டாள், போனை எடுக்காவிட்டால் லோன் பேப்பரை யாரிடம் கேட்பது? ஒப்பந்தப் பத்திரத்தின் நகல், பேங்க் ஸ்டேட்மென்ட், அட்வான்ஸ் யார் கணக்கிலிருந்து போனது என்ற விவரம், இந்த மூன்றும் எனக்கு வேண்டும். பூப்படம் அனுப்புகிற அதே வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். மருமகள் பார்த்தால் பார்க்கட்டும்.

உன்,
ராஜி