பரண்மேல் ஒரு மரம் இருக்கிறது: அலங்காரக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்பிற்குரிய கிறிஸ்துமஸ் அலங்காரக் குழுவினருக்கு,

வணக்கம். சென்ற கூட்டத்தின் முடிவைக் கேள்விப்பட்டேன். பழைய பிளாஸ்டிக் மரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, ‘சூழலுக்கு உகந்தது’ என்று பெட்டியில் அச்சிட்ட புது மரம் ஒன்றை வாங்கப் போகிறீர்களாம். நோக்கம் நல்லதுதான். கணக்குதான் உதைக்கிறது.

பிரிட்டனின் கார்பன் டிரஸ்ட் அமைப்பு இதைக் கணக்கிட்டுச் சொல்லியிருக்கிறது. இரண்டு மீட்டர் உயரச் செயற்கை மரம் ஒன்றால் காற்றில் சேர்வது சுமார் 40 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். அதே உயரத்தில் வெட்டிய நிஜ மரத்தை, பண்டிகை முடிந்ததும் எரித்தாலோ தூளாக்கி மண்ணில் பரப்பினாலோ ஏறத்தாழ 3.5 கிலோதான். குப்பைமேட்டில் கொட்டினால் அதுவே 16 கிலோ ஆகிவிடும். காற்றுப் புகாத குவியலுக்குள் மக்கும்போது, கரியமில வாயுவைவிடக் கடுமையாகப் பூமியைச் சூடேற்றும் மீத்தேன் கிளம்புகிறது. 40-ஐ 3.5-ஆல் வகுத்துப் பாருங்கள். வருடத்துக்கு ஒன்றாக வாங்கி ஒழுங்காக அப்புறப்படுத்தும் நிஜ மரத்துக்கு ஈடாக, பிளாஸ்டிக் மரம் ஏறக்குறைய 12 கிறிஸ்துமஸ் பார்த்தாக வேண்டும். நம் மரத்துக்கு வயது ஒன்பது. இன்னும் மூன்று வருடம் பொறுத்தால் பட்ட கடன் அடைந்துவிடும் என்கிற நேரத்தில், புதுக்கடன் வாங்கப் போகிறோம்.

பழைய மரத்தைப் பழைய பொருள்காரரிடம் தள்ளிவிடலாம் என்று யாரோ சொன்னார்களாம். இலைகள் பிவிசி, கிளைகள் இரும்புக் கம்பி. இரண்டையும் முறுக்கிச் செய்தது. அதைப் பிரித்து மறுசுழற்சிக்கு அனுப்ப யாரும் மெனக்கெட மாட்டார்கள். அது போகிற இடம் குப்பைமேடுதான். மரம் ஒரு பக்கம் சாய்கிறது, அடிக்கிளைகள் மொட்டையாகிவிட்டன என்பது உங்கள் குறை. ஒத்துக்கொள்கிறேன். சாய்ந்த பக்கத்தைச் சுவரோரம் திருப்பிவிடலாம். மொட்டைக் கிளைகளுக்கு முன்னால்தானே குடில் வைக்கிறோம்?

அது உண்மையிலேயே உடைந்துபோகும் நாளும் வரும். அன்றைக்கும் கடைக்கு ஓட வேண்டாம். செயற்கை மரம் என்றால் பிளாஸ்டிக் என்று ஆனது பிற்பாடுதான். 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில், பண்டிகைக்காக இளமரங்களை வெட்டி வெட்டிக் காடு அழிகிறதே என்ற கவலையில், வாத்து இறகுகளைப் பச்சைச் சாயத்தில் தோய்த்துக் கம்பியில் சுற்றி மரம் செய்தார்கள். நாம் இன்று படுகிற கவலை நம் கொள்ளுப் பாட்டன்மார் காலத்திலேயே இருந்திருக்கிறது. அதே நாட்டின் எர்ட்ஸ்கெபிர்கே மலைப்பகுதியில் மரத்தட்டுகளை அடுக்கிப் பிரமிடு செய்வார்கள். மெழுகுவர்த்தியின் சூடு மேலேறி உச்சியிலுள்ள விசிறியைச் சுழற்றும். தட்டுகளில் நிற்கும் மேய்ப்பர்களும் தேவதூதர்களும் கூடவே சுற்றுவார்கள். மின்சாரமே தேவையில்லை. நம் இளைஞர்களில் தச்சுவேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு மரத்துண்டைக் கொடுத்தால் சும்மா இருப்பார்களா? (மெழுகுவர்த்தி எரியும்வரை ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அந்த வேலையை நானே எடுத்துக்கொள்கிறேன்.)

அதைவிட எளிய வழியும் உண்டு. காற்றில் விழுந்த காய்ந்த கிளைகளைப் பொறுக்கி, கீழே நீளமானது மேலே குட்டையானது என வரிசையாகக் கயிற்றில் கட்டிச் சுவரில் தொங்கவிட்டால் முக்கோண மரம் தயார். தரையில் இடமும் அடைக்காது. பண்டிகை முடிந்ததும் கயிற்றை அவிழ்த்துவிட்டால் கிளைகள் மண்ணுக்கே போய்விடும். என்னைக் கேட்டால் இதுதான் எனக்கு முதல் விருப்பம்.

தொட்டிச்செடி வைக்கலாம் என்ற யோசனைக்கு மட்டும் கொஞ்சம் நிதானம் தேவை. அரவுகேரியா என்கிற நார்ஃபோக் தீவுப் பைன் அழகுதான், வெப்பமான ஊர்களிலும் வளரும். ஆனால் சொந்தத் தீவில் அது 50 மீட்டரையும் தாண்டும் மரம். தொட்டியை விட்டு இறக்கி நடும்போது இடம் எங்கே என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். குளிர்நாட்டு ஸ்ப்ரூஸ், ஃபிர் தொட்டிகளை வீட்டுக்குள் பத்து நாளுக்கு மேல் வைத்தால் கதகதப்பில் மொட்டுகள் விழித்துக்கொள்ளும். திரும்ப வெளியே வைத்ததும் குளிரில் கருகும். செடியை விருந்தாளியாக நடத்துங்கள், குடித்தனம் வைக்க வேண்டாம்.

மரத்தில் தொங்குவதையும் பாருங்கள். ஸ்ட்ராஸ்பர்க் நகரில் 1605-இல் எழுதிய குறிப்பு ஒன்றில், வீட்டுக்குள் நிறுத்திய ஃபிர் மரங்களில் பல வண்ணக் காகித ரோஜாக்களும் ஆப்பிள்களும் தொங்கியதாக வருகிறது. பண்டிகை முடிந்து குப்பைக்குப் போக அதில் என்ன இருந்திருக்கும்? நாமோ மினுமினுப்புத் தூளைத் தூவுகிறோம். அது பொடிப்பொடியான பிளாஸ்டிக். கூட்டிப் பெருக்கினாலும் முழுசாய்ப் போகாது. ஐரோப்பிய ஒன்றியமே 2023-இல் அப்படிப்பட்ட தூளின் விற்பனைக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளிடம் பழைய காகிதத்தையும் கத்தரிக்கோலையும் கொடுங்கள். சீரியல் லைட் பழையது என்றால் எல்இடிக்கு மாற்றலாம். புதிதாக வாங்க நான் சம்மதிக்கும் ஒரே பொருள் அதுதான். பழைய குண்டு பல்புகள் இழுக்கும் மின்சாரத்தில் சிறு பங்குதான் அதற்குப் போதும்.

அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பழைய மரத்தைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டி நிறுத்திவைக்கிறேன். பார்த்த பிறகும் வேண்டாம் என்று தோன்றினால் சொல்லுங்கள். ஸ்டோர் ரூம் சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் தெரிவித்தால் போதும்.

அன்புடன்,
ஒன்பது வருடங்களாக அந்த மரத்தின் கிளைகளை விரித்து மடக்கி வருபவர்