தயாரிப்புக்கும் மதிப்பெண் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கோவையில் காட்சித் தொடர்பியல் படிக்கிறேன். ஆவணப்படம் எடுக்கலாம் என்றால் வகுப்பில் எல்லோருக்கும் இயக்குநர் நாற்காலிதான் வேண்டும். அனுமதிக் கடிதம், வண்டி, சாப்பாட்டுக் கணக்கு என்று தயாரிப்பு வேலை எல்லாம் என் தலையில்!

2019-இல் ஆஸ்கர் வென்ற, மாதவிடாய் பற்றிய ‘பீரியட். எண்ட் ஆஃப் சென்டென்ஸ்.’ ஆவணக் குறும்படத்தை இயக்கியவர் ரைகா செதாப்சி. ஆனால் அதற்கு விதை போட்டவர்கள் லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி மாணவிகளும் அவர்களின் ஆசிரியையும். கேக், பிஸ்கட் விற்றுக்கூட பணம் திரட்டினார்கள். அந்தப் பணத்தில் நம்மூர் முருகானந்தம் வடிவமைத்த நாப்கின் தயாரிக்கும் இயந்திரம் உத்தரப் பிரதேசத்தின் ஹாபூர் பக்கக் கிராமத்துக்குப் போனது. அங்கேதான் படம் எடுக்கப்பட்டது.

எங்கள் துறையில் கேமராவுக்கும் எடிட்டிங்குக்கும் மதிப்பெண் உண்டு, தயாரிப்புக்குக் கிடையாது. கல்லூரிக் குறும்பட விழா நடத்துவோராவது மாணவத் தயாரிப்பாளருக்கு ஒரு பரிசு வைக்கலாமே?

- ஒரு மாணவி, கோவை