வீடு திரும்பிய மகன் சொல்லாமல் போனது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க நாவலாசிரியர் மெரிலின் ராபின்சனைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான அறிமுகக் கட்டுரையை விருப்பத்தோடு படித்தேன். 1980-இல் முதல் நாவலான ‘ஹவுஸ்கீப்பிங்’கை வெளியிட்டுவிட்டு, அடுத்த நாவலுக்கு 24 ஆண்டுகள் எடுத்துக்கொண்ட ஒருவரைத் தமிழ் வாசகர்களிடம் கொண்டுவந்ததற்கு நன்றி. ஆயினும், 2008-இல் வந்த ‘ஹோம்’ நாவலைப் பிரிந்த தந்தையும் மகனும் ஒன்றுசேரும் கதை என்று கட்டுரையாளர் ஒரு வரியில் கடந்துவிட்டதில் எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் அதில் ஒன்றுசேர்வதே இல்லை.

கதை 1956-இல் ஐயோவா மாநிலத்தில் கிலியட் என்னும் கற்பனைச் சிற்றூரில் நடக்கிறது. பெற்ற தாயின் சாவுக்குக்கூட வராத ஜாக் இருபது ஆண்டுகள் கழித்து வீட்டுக்கு வருகிறான். ஓய்வுபெற்ற பாதிரியாரான தந்தை பவுட்டன் உடல் தளர்ந்திருக்கிறார். மணப்பதாக நம்பவைத்தவனிடம் ஏமாந்து ஊர் திரும்பிய தங்கை குளோரி அவரைப் பார்த்துக்கொள்கிறாள். மகனை அவர் எப்போதோ மன்னித்துவிட்டார். அவனும் தோட்டத்தைச் சீர்செய்கிறான். கொட்டகையில் முடங்கிக் கிடந்த டிசோட்டோ காரை ஓடவைக்கிறான்.

தடை வேறிடத்தில் இருக்கிறது. செயின்ட் லூயி நகரில் டெல்லா என்ற கறுப்பினப் பெண்ணோடு ஜாக்குக்குக் குடும்பம் உண்டு, ஒரு மகனும் உண்டு. ஜாக் வெள்ளையன் என்பதால், அந்த மணத்தை அந்நகர் உள்ள மிசௌரி மாநிலச் சட்டம் ஏற்கவில்லை. அத்தகைய சட்டங்களை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1967-இல்தான் செல்லாதவையாக்கியது. ஐயோவாவில் அந்தத் தடை இல்லாததால், மனைவி மகனோடு சொந்த ஊரில் குடியிருக்க முடியுமா என்று பார்க்கத்தான் அவன் வந்திருக்கிறான். மாண்ட்கோமரியில் நடக்கும் கறுப்பினத்தவர் போராட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுத் தந்தை சலிப்போடு பேசுவதிலேயே அவனுக்கு விடை கிடைத்துவிடுகிறது. கடைசியில் விடைபெற அவன் கை நீட்டும்போது, கிழவர் தம் கையை மடிக்கு இழுத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இதையா ஒன்றுசேர்தல் என்பது?

வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் நிறைந்த செவ்வாய்ப்பேட்டையில் வாழும் எனக்கு இந்த இடம் அந்நியமாகப் படவில்லை. சாதி மாறி மணந்த மகனோடு ஆண்டுக்கணக்கில் பேச்சும் போக்குவரத்தும் இல்லாமல் இருந்த பெற்றோர், இளைய மகளின் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கும்போது அவன் பெயரையும் போட்டுவிடுவார்கள். ‘பெத்த மனசு கேக்குமா’ என்று உறவினர்களும் மெச்சிக்கொள்வார்கள். ஆனால் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி வரும் அந்தப் பத்திரிகையை நிதானமாகப் பார்த்தால், மற்ற அண்ணன்மாரின் பெயர்கள் மனைவியரோடு ஜோடி ஜோடியாக அச்சாகியிருக்க, அவன் பெயர் மட்டும் ஒற்றையாக நிற்கும். அவனும் தனியாக மண்டபத்துக்கு வந்து, விருந்தாளிபோல மொய் எழுதிவிட்டுப் போய்விடுவான். மகனை மன்னித்தாயிற்று, மருமகள்தான் இன்னும் கண்ணில் படவில்லை என்றிருக்கும் இந்த நிலையை ராபின்சன் அளவுக்கு நுணுக்கமாக எழுதியவர்கள் குறைவு என்பேன்.

கட்டுரையாளர் தொடாத இன்னொன்றும் உண்டு. நம் வீடுகளில் வைப்பதைப் போலவே ஜாக்கும் தன் மகனுக்கு ராபர்ட் என்று தாத்தாவின் பெயரை வைத்திருக்கிறான். அவன் கிளம்பிப் போனபின் டெல்லா அந்தச் சிறுவனோடு வாசல்வரை வந்து, குளோரியிடம் மட்டும் பேசிவிட்டுத் திரும்புகிறாள். உள்ளே இருக்கும் தாத்தாவுக்கு அது தெரியாது.

புலிட்சர் பரிசு பெற்ற ‘கிலியட்’ நாவல் அதே நாட்களை, பவுட்டனின் நெடுநாள் நண்பரான ஏம்ஸ் பாதிரியார் தம் சிறு மகனுக்கு எழுதிவைக்கும் கடிதமாகச் சொல்கிறது. தந்தையிடம் சொல்ல முடியாததை ஜாக் அவரிடம்தான் சொல்கிறான். (அப்பாவிடம் மறைத்ததை அப்பாவின் நண்பரிடம் கொட்டுவது நம் ஊரிலும் நடப்பதுதானே.) ஆகவே ‘கிலியட்’டை முதலிலும் ‘ஹோம்’ நாவலை அடுத்தும் படிப்பதே நல்லது, மாற்றிப் படித்தால் ஜாக்கின் மௌனம் வெறும் வீம்பாகத் தோன்றிவிடும்.

2020-இல் வெளியான ‘ஜாக்’ நாவலில் டெல்லாவின் தந்தையும் மதகுருதான். கறுப்பினத்தவர் தங்களுக்குள்ளேயே தலைநிமிர்ந்து வாழ வேண்டும் என்ற கொள்கையால் அவரும் இந்த உறவை மறுக்கிறார். இந்த இரு தந்தையரையும் ஒப்பிட்டுக் கட்டுரையாளர் விரிவாக எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.