‘மரபணு மாற்றம்’ என்று மொத்தமாக எழுத வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

நீலகிரிப் பழங்குடி ஊர்களில் நடக்கும் அரிவாள் செல் சோகைப் பரிசோதனை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை அவசியமானது. ஆனால் அதில் ‘மரபணு மாற்றம்’ என்ற சொல் கையாளப்பட்ட விதத்தைத் திருத்த வேண்டும். பி.டி. பருத்திக்கும் இதே சொல்லைத்தான் எழுதுகிறோம். பருத்தியில் நடந்தது, ஒரு பாக்டீரியாவின் மரபணுவை ஆய்வகத்தில் வேண்டுமென்றே நுழைத்தது. சோகையில் இருப்பது, டிஎன்ஏ படியெடுக்கப்படும்போது தானாக நேர்ந்து, தலைமுறைகளாகக் கைமாறி வந்த எழுத்து மாற்றம். (டிஎன்ஏவின் செய்தி ஏ, டி, ஜி, சி என்ற நான்கு வேதி எழுத்துகளால் ஆனது.) இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வருகிறவர் என்னவென்று புரிந்துகொள்வார்?

நம் பாடநூல்கள் இதைச் ‘சடுதி மாற்றம்’ என்கின்றன. இலங்கைப் பாடநூல்களில் ‘விகாரம்’. மருத்துவக் கட்டுரைகளில் ‘பிறழ்வு’. இன்றைய பேச்சில் விகாரம் என்றாலே அருவருப்பு தொனிக்கிறது. ஆனால் இலக்கணத்தில் விகாரம் என்பது வெறும் மாற்றம்தான். தோன்றல், திரிதல், கெடுதல் என்று பள்ளியில் படித்தோமே, மரபணுவிலும் சிறு மாற்றங்கள் பெரும்பாலும் இந்த மூன்றில் அடங்கிவிடுகின்றன. வாழைப்பழத்தில் ‘ப்’ தோன்றியதுபோல ஓர் எழுத்து கூடலாம். பொற்குடத்தில் ‘ன்’ ‘ற்’ ஆனதுபோல ஒன்று இன்னொன்றாகலாம். மரவேரில் ‘ம்’ கெட்டதுபோல ஒன்று விழுந்துவிடலாம்.

ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினின் ஒரு பகுதி பீட்டா சங்கிலி. அதற்கான மரபணுவையே எடுத்துக்கொள்வோம். அது 11ஆம் குரோமோசோமில் இருக்கிறது. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதி. செல் அதன் செய்தியை மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும். ஒவ்வொரு மூன்றுக்கும் ஓர் அமினோ அமிலம், அதாவது புரதத்தின் ஒரு கண்ணி. ஆறாவது இடத்தில் இருக்க வேண்டியது ஜிஏஜி, அதாவது குளுடாமிக் அமிலம். நடு எழுத்து திரிந்து ஜிடிஜி ஆனால் வாலின் என்ற வேறு அமினோ அமிலம் வந்து அமர்கிறது. இதுதான் எஸ் வகை ஹீமோகுளோபின். வாலின் நீரை ஒதுக்குவது. ஆக்சிஜனை இறக்கிவிட்ட நிலையில் பக்கத்து மூலக்கூறில் உள்ள பள்ளத்தில் அது போய் ஒட்டிக்கொள்ள, ஹீமோகுளோபின்கள் கம்பிபோல் கோத்துக்கொண்டு சிவப்பணுவை அரிவாளாக வளைக்கின்றன. 120 நாள் வாழ வேண்டிய அணு 10 முதல் 20 நாளில் அழிகிறது. சிறு ரத்தக் குழாய்கள் அடைபடும் இடத்தில்தான் அந்தத் தாங்கமுடியாத வலி.

அதே இடத்தில் முதல் எழுத்து திரிந்து ஏஏஜி ஆனால் லைசின். இது சி வகை ஹீமோகுளோபின், எஸ் வகையைவிடச் சாதுவானது. மூன்றாவது எழுத்து திரிந்து ஜிஏஏ ஆனாலோ அதுவும் குளுடாமிக் அமிலமே, ஒன்றும் நடக்காது. மூன்றுமே சடுதி மாற்றம்தான். தோன்றலும் கெடுதலும் பெரும்பாலும் இதைவிடக் கடுமை. 8ஆம் இடத்துக்கும் 9ஆம் இடத்துக்கும் இடையே ஒரு ஜி கூடுதலாகத் தோன்றுவது இந்தியாவில் அடிக்கடி காணப்படுவது. அதன்பின் வரும் மும்மூன்று கணக்கு முழுவதும் தப்பிப்போய், அந்தப் பிரதியிலிருந்து பீட்டா சங்கிலியே உருவாகாது. பீட்டா தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகையைத் தரும் மாற்றம் இது.

ஆகவே எந்த எழுத்து, எந்த இடம், எத்தனை பிரதியில் என்ற மூன்றையும் சொல்லாமல் ‘மாற்றம் இருக்கிறது’ என்பது பாதிச் செய்திகூட அல்ல. நீலகிரி மக்களிடம் இந்த எஸ் வகையை லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் 1952லேயே பதிவு செய்துவிட்டார்கள். மாற்றம் ஒரு பிரதியில் மட்டும் உள்ளவரைக் கேரியர் என்கிறோம். அவர் நோயாளி அல்ல. ஃபால்சிபாரம் என்ற கிருமி தரும் கடும் மலேரியாவிலிருந்து அவருக்குப் பாதுகாப்பும் உண்டு. இந்த மாற்றம் மலேரியா நாடுகளில் நிலைத்ததே அதனால்தான். அவரை ‘மரபணுக் கோளாறு உள்ளவர்’ என்று கட்டுரை குறிப்பிட்டது என்னால் ஏற்க முடியாத பிழை. அந்த ஒரு சொல்லால் ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றுபோகலாம்.

ஊர்களில் முதலில் செய்யப்படும் கரைதிறன் சோதனையின் வரம்பும் வாசகருக்குத் தெரிய வேண்டும். சுமார் 2 மில்லி கரைசலில் 20 மைக்ரோலிட்டர் ரத்தம் விட்டு, ஐந்து நிமிடம் கழித்துக் குழாய்க்குப் பின்னால் கோடு போட்ட அட்டையைப் பிடிப்பார்கள். கோடு தெரிந்தால் எஸ் இல்லை. கலங்கி மறைந்தால் உண்டு. ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கு இது பயன்படாது, கருக்கால ஹீமோகுளோபின் மறைத்துவிடும். கடும் சோகை உள்ளவருக்கும், அண்மையில் ரத்தம் ஏற்றியவருக்கும் ‘இல்லை’ என்று தவறாகக் காட்டலாம். கரைசலில் உள்ள டைதயோனைட் என்ற வேதிப்பொருள் பழசானால் வீரியம் போய்விடும். தெரிந்த ‘உண்டு’ ரத்தம் ஒன்றும் ‘இல்லை’ ரத்தம் ஒன்றும் கூடவே வைத்துப் பார்த்தால்தான் முடிவை நம்பலாம். எல்லாம் சரியாக இருந்தாலும், ஒரு பிரதியா இரண்டா என்பதை இது சொல்லாது. அதற்கு, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சி என்ற ஆய்வகச் சோதனை வேண்டும். கேரியருக்கு அதில் எஸ் பெரும்பாலும் 30 முதல் 40 சதவீதம், இயல்பான ஏ அதைவிடக் கூடுதல்.

தலசீமியா கேரியர் கரைதிறன் சோதனையில் சிக்கவே மாட்டார். எஸ் கேரியரும் பீட்டா தலசீமியா கேரியரும் மணந்தாலும், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோயுள்ள குழந்தை பிறக்க 25 சதவீத வாய்ப்பு உண்டு. இரண்டு எஸ் கேரியர்களுக்கும் அதே கணக்குத்தான். முதல் குழந்தைக்கு நோய் வந்துவிட்டது, இனி மூன்றுக்கு வராது என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். அது மிக ஆபத்தான தவறு. ஒவ்வொரு முறையும் கணக்கு புதிதாகவே தொடங்கும்.

சொந்தத்தில் கட்டினால் சடுதி மாற்றம் ‘உண்டாகும்’ என்ற கட்டுரையின் வரியும் தவறு. உறவு மணம் மாற்றத்தை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே குடும்பத்தில் உள்ள ஒரே மாற்றம் இரு பக்கமிருந்தும் வந்து சேரும் வாய்ப்பைக் கூட்டுகிறது. மாமனிடம் ஒரு பிரதி இருந்தால், அக்காள் மகளிடமும் அது இருக்க நாலில் ஒரு வாய்ப்பு. அத்தை மகன், மாமன் மகள் என்றால் எட்டில் ஒன்று.

கையில் இரண்டு ஆய்வக அறிக்கை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. ஒன்றில் 6ஆம் இடம், மற்றதில் 7ஆம் இடம் என்றிருந்தால் பதற வேண்டாம். சங்கிலி தொடங்கும்போது முதலில் வந்து பின்னர் நீக்கப்படும் மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தையும் சேர்த்து எண்ணுவது புதிய முறை. இரண்டும் அதே மாற்றம். ‘மியூட்டேஷன்’ என்ற சொல்லுக்குப் பதில் ‘வேரியன்ட்’ என்றிருப்பதும் 2015இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதலுக்குப் பின் பரவிய வழக்கம். தமிழில் ‘மரபணு மாறுபாடு’ என்று எழுதி, அதை அடுத்து ‘நோய் தருவது’, ‘தீங்கற்றது’, ‘இன்னும் தெளிவாகாதது’ என்று சேர்க்கலாம். அடுத்த இதழிலேயே இந்தத் திருத்தத்தை வெளியிட வேண்டுகிறேன். பரிசோதனை முகாம்கள் நடந்துகொண்டிருக்கின்றன.

இப்படிக்கு,
ஆய்வகத் தொழில்நுட்பர் ஒருவர்,
கோயம்புத்தூர்